உட்கார்ந்தால் சீக்கு

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

புதன்கிழமை விடியல். செம்பாறைத் தோட்டம், மேல் டிவிஷன், பெரட்டுக் களம். தினமும் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் களம் அது. நோய் வந்த பிறகு ஆளுக்கு ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்று களம் முழுக்கச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். முதல் வட்டத்தில் செல்லம்மா அக்கா, கால் இரண்டையும் நீட்டி, கொழுந்து வெட்டும் கத்தரியை மடியில் வைத்தபடி. அடுத்த வட்டத்தில் நான். என் பேர் சசிரேகா. எனக்கு வலப்பக்கம் தண்ணீர்க் குழாய் பார்க்கும் மகேஸ்வரன். அவருடைய இடது கண் வீங்கி மூடியிருந்தது, ஒரு கை கழுத்தில் கட்டிய துண்டில் தொங்கியது, சட்டையில் இரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. எங்களுக்குப் பின்னால் மூன்று வரிசையாக, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள். களத்தின் கீழ்க்கோடியில், சுண்ணாம்பு ஈரம் காயாத புது வட்டங்களில், கொங்சி என்ற தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வங்காளதேசத்து ஆட்கள். இரண்டு வட்டங்கள் காலி. ஒன்று மகேஸ்வரனின் மனைவி வசுமதியுடையது. மற்றது ரஃபிக்குலுக்காகப் போட்டது. அதில் அவனுடைய இடது கால் ரப்பர் பூட்ஸ் மட்டும் நின்றது.

நின்றுகொண்டிருந்தவர்கள் மூன்று பேர். தோட்டத்து மானேஜர் நாகரத்தினம். தமிழர்தான், ஆனாலும் துரை என்றுதான் கூப்பிட வேண்டும். பெரட்டுப் புத்தகத்தோடு கணக்கெழுதும் கிராணி ஆண்டியப்பன். காவலுக்கு டவுனிலிருந்து எடுத்த ஜாகா, ஷர்வின். கையில் இரும்புக் குழாய்.

எங்கள் பெரட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். மழையோ பனியோ, நின்றுதான் பேர் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தால் சீக்கு என்று அர்த்தம். கிராணி பேருக்கு நேரே சீக்கு என்று எழுதுவார், அன்றைக்குச் சம்பளம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் இது. காய்ச்சலில் கால் துவண்டு குந்தினவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று குந்தினவர்களைப் பார்த்ததில்லை.

அன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். ஏன் என்று சொல்ல, முந்தின நாள் காலையிலிருந்து தொடங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, கிழக்கு வெளுக்கும் முன்பே மலைச்சரிவில் இருந்தோம். பனி இறங்கி இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் செடிகள் உரசும் சத்தமும் கத்தரிகள் கடிக்கும் சத்தமும்தான். கத்தரியின் ஓர் அலகில் பொருத்திய பெட்டியில் கொழுந்து விழும். பெட்டி நிறைந்தால் தலைக்கு மேலே தூக்கி முதுகுக் கூடைக்குள் வீச வேண்டும். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை எரியத் தொடங்கிவிடும். முகக்கவசம் பனியில் நனைந்து, ஈரத்துணியை மூக்கில் வைத்து அழுத்துவதுபோல் ஒட்டிக்கொண்டது. நோய் காரணமாக ஆட்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். கொழுந்தைக் குறைக்கவில்லை. ஒருவருக்கு ஒரு நிரை என்பது போய் இரண்டு நிரை ஆகியிருந்தது.

"ஆளு பாதி, சம்பளம் பாதி, செடி மட்டும் முழுசா வளருது லா," என்றார் செல்லம்மா அக்கா. "இதுக்கும் ஒரு கொரோனா வந்தா தேவல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கீழே லயத்திலிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம் விடாமல் எழுந்தது. வசுமதியின் மெஷின்.

வசுமதிக்கு நோய் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிரோடு திரும்பியிருந்தாள். நுரையீரல் பாதிதான் திரும்பியது. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷினை ஈப்போவிலுள்ள ஒரு சங்கம் இரவல் கொடுத்திருந்தது. மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு அவள் கட்டிலில் சாய்ந்திருப்பாள். கரண்டு நின்றால் மெஷின் அலறும். அவளால் அலற முடியாது.

அந்தக் கரண்டு எங்கள் ராட்டினத்திலிருந்து வந்தது.

மேல் டிவிஷனுக்கு வெளியிலிருந்து மின்கம்பி வந்ததே இல்லை. ஃபேக்டரி ஜெனரேட்டரிலிருந்து மாலையில் கொஞ்ச நேரம் விடுவார்கள். தண்ணீரும் அப்படித்தான். மேலே காய்கறித் தோட்டங்களில் மண்ணைப் புரட்டுவதால் ஓடை எந்நேரமும் பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஓடும். அதைத்தான் குடித்தோம். நோய்க்கு முந்தின வருஷம் அந்த ஈப்போ சங்கத்தார் ஓர் எஞ்சினியரோடு வந்தார்கள். ஓடைக்குக் குறுக்கே ஒரு தடுப்பு, மண்ணை வடிக்க ஒரு தொட்டி, அங்கிருந்து மலையிறங்கும் ஒரு குழாய். குழாயின் ஒரு கிளை லயத்துப் பைப்புகளுக்கு. இன்னொரு கிளை, விழுகிற வேகத்தில் ஒரு சின்ன டர்பைனைச் சுற்றி, வீடுகளுக்கு விளக்குப் போட. பணமும் சாமானும் அவர்களுடையது, உடம்பு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பள்ளம் தோண்டினோம், குழாய் சுமந்தோம். டர்பைனுக்கு ராட்டினம் என்று பேர் வைத்தது செல்லம்மா அக்கா.

முடிக்க ஒரே வேலைதான் பாக்கி. குழாய் இரண்டாகப் பிரியும் வளைவை கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். அதற்குள் நடமாட்டத் தடை வந்தது. ஈப்போ பேராக் மாநிலம், நாங்கள் பகாங். எல்லை மூடிவிட்டது. எஞ்சினியர் வர முடியவில்லை. வாங்கி வைத்த சிமெந்து மூட்டைகள் ஸ்டோரிலேயே ஈரம் குடித்துக் கல்லாகிவிட்டன. வளைவை மரக்கட்டைகளில் கம்பியாலும் கயிற்றாலும் கட்டி வைத்தோம். எஞ்சினியர் போனில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: கான்கிரீட் போடும்வரை வால்வைச் சட்டென்று மூடக் கூடாது. ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அது திரும்பி அடிக்கும். மகேஸ்வரன் ஒரு பலகையில் சிவப்புச் சாயத்தால் 'மெல்ல' என்று எழுதி வால்வுக்கு மேலே அறைந்தார். தமிழில் எழுதினார். வால்வைத் தொடுகிறவர்கள் எல்லாரும் தமிழர்கள்தானே என்று நாங்களும் நினைத்தோம்.

மெஷின் சத்தம் கேட்டதும் மகேஸ்வரன் லயத்துக்கு ஓடவில்லை. அங்கே பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு இருந்தார்; ஆபத்துக்கென்று வைத்த சின்ன சிலிண்டரை மாட்டிவிடுவார். மகேஸ்வரன் மேலே, ராட்டினக் கொட்டகைக்கு ஓடினார். நாங்கள் கூடைகளோடு பின்னால் ஓடினோம்.

அங்கே துரை இருந்தார், கூடவே ஷர்வின். ராட்டினத்தின் கம்பியை லயத்திலிருந்து பிடுங்கி, ஃபேக்டரிக்குப் போகும் புதுக் கம்பியில் பிணைத்திருந்தார்கள். கொழுந்து உலர்த்தும் பெரிய காத்தாடிகளுக்கு. அது போதவில்லையாம். மேலே தடுப்பில் மண்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்தியாயிற்று. இன்னும் கொஞ்சம் மூட்டைகளோடு ரஃபிக்குல் வளைவுக்குக் கீழே ஏறி வந்துகொண்டிருந்தான். கொங்சி ஆட்களில் எங்களோடு சிரித்துப் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களைக் கலக்கவிடாமல் வேறு இடத்தில் பெரட்டு வைத்திருந்தார்கள்.

"மகேஸு, உன்ன யாரு இங்க வரச் சொன்னா? நெரைய விட்டுட்டு?"

"துரை, கரண்ட எடுத்துட்டீங்க. வசுமதி மெஷின் நின்னுருச்சு. அவளுக்கு மூச்சே அதுலதான் ஓடுது."

"எனக்கும் மூச்சு அதுலதான் ஓடுது. டீசல் வரல. காத்தாடி சுத்தலன்னா நேத்து வெட்டுன கொழுந்தெல்லாம் அழுகிப் போயிரும். ஃபேக்டரிய மூடினா சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"ஒரு வீட்டுக்காவது விடுங்க துரை. ஒரே ஒரு வீடு."

"ஒரு வீட்டுக்கு விட்டா நாப்பது வீடும் கேக்கும். போ."

"இது எங்க ராட்டினம்."

துரை சிரித்தார். "யாரு நிலத்துல ஓடுது தண்ணி? ஷர்வின், லயத்துப் பைப்பையும் மூடு. எல்லாத் தண்ணியும் டர்பைனுக்குப் போகட்டும்."

மகேஸ்வரன் கம்பியைப் பிடுங்கக் கை நீட்டினார். ஷர்வினின் இரும்புக் குழாய் அவர் முழங்கையில் இறங்கியது. கிளை முறிவதுபோல் ஒரு சத்தம். குனிந்தவரின் முகத்தில் இரண்டாவது அடி. அவர் விழுந்து, மண்ணிலேயே உருண்டு, வால்வின் அடியைப் போய்ப் பற்றிக்கொண்டார். வாய் நிறைய இரத்தம். பேச்சு வரவில்லை. பலகையைக் காட்டினார். விரலால் அதைத் தட்டினார்.

ஷர்வின் பலகையை அண்ணாந்து பார்த்தான். பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மகேஸ்வரனின் கையை பூட்ஸால் மிதித்து விலக்கி, வால்வுச் சக்கரத்தைப் பிடித்து, லோரி ஸ்டீரிங்கைப்போல் ஒரே வீச்சில் சுழற்றினான்.

மலைக்குள்ளே யாரோ சம்மட்டியால் அடித்தது மாதிரி இருந்தது. குழாய் முழுக்க ஓர் உதறல் ஓடியது. கட்டைகள் மண்ணோடு பெயர்ந்தன, கம்பிகள் விண்ணென்று அறுந்தன. வளைவு தலையைத் தூக்கியது. இருபதடிக் குழாய், மிதிபட்ட பாம்பு வாலை வீசுவதுபோல் ஒரு வீசு வீசிக் கீழே விழுந்தது. வெள்ளைத் தண்ணீர் தேயிலைச் செடிகளை வேரோடு பறித்து எறிந்தது. பனியும் சேறும் தண்ணீருமாக எதுவும் தெரியவில்லை. ராட்டினத்தின் ரீங்காரம் இழுத்து இழுத்து நின்றது.

அந்த அமைதியில்தான் ரஃபிக்குலின் குரல் கேட்டது. கத்தவில்லை. ஏதோ தொலைந்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

"அக்கா. காக்கி தாடா, அக்கா."

காக்கி என்றால் மலாயில் கால். கால் இல்லை என்றான். கால் இருந்தது. குழாய்க்கு அடியில், முழங்காலுக்குக் கீழே, திரும்பக் கூடாத பக்கம் திரும்பி இருந்தது.

கொழுந்துச் சாக்கை இரண்டாக மடித்து அவனைக் கிடத்தினோம். செல்லம்மா அக்கா தன் சேலை முந்தானையைக் கத்தரியால் வெட்டி, தொடையில் இறுக்கிக் கட்டினார். தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினோம். ஓடும்போதே நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பேர், இடம், வழி எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கேட்டை அடையும் முன் அவர்களே திரும்ப அழைத்தார்கள். தோட்ட நிர்வாகமே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டதாம், வண்டியை வேறு நோயாளிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

கேட்டில் சங்கிலி. அதற்கு மேலே, 'இத்தோட்டத்தில் நோய் இல்லை, அந்நியர் வரக் கூடாது' என்று மலாயில் ஓர் அறிவிப்பு. துரையின் வண்டி எங்களுக்கு முன்பே வந்து குறுக்கே நின்றது.

"தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்க. மருந்து இருக்கு."

"துரை, எலும்பு வெளிய தெரியுது," என்றேன்.

"தெரியட்டும். ஆம்புலன்ஸ் வந்தா சும்மா போவானா? எல்லாருக்கும் மூக்குல குச்சி விடுவான். பத்துப் பேருக்கு இருக்குன்னு வந்தா தோட்டத்தையே மூடிருவான். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

"எங்க நன்மைய எங்ககிட்ட விட்டுருங்க. கேட்டத் தொறங்க."

கொங்சியிலிருந்து ரஃபிக்குலின் கூட்டாளிகள் ஓடி வந்தார்கள். சாக்கைப் பார்த்தார்கள். அடுத்த நொடி கேட்டின் மேல் மோதினார்கள். இரும்பு அதிர்ந்தது. ஷர்வினும் இன்னொரு ஜாகாவும் கண்மூடித்தனமாக வீசினார்கள். ஒருவனுடைய விரல்கள் கம்பிக்கும் தடிக்கும் நடுவே நசுங்கின. ஒருவனுக்குக் காதுக்கு மேலே பிளந்து சட்டைக் கழுத்து சிவந்தது. லயத்து ஆண்கள் பாய்ந்தார்கள். நான் ஒரு கல்லை எடுத்தது நினைவிருக்கிறது. எறிந்தேனா என்று தெரியவில்லை. செல்லம்மா அக்கா யாரையும் அடிக்கவில்லை. நிதானமாக நடந்து போய், துரை வண்டியின் முன் டயரில் கத்தரியின் முனையை வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் சேர்த்துக் குத்தினார். சீறிக்கொண்டு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

"போலீஸக் கூப்பிடுவேன்," என்றார் துரை.

"கூப்பிடுங்க துரை. போலீஸ் வரணும்னா கேட்டத் தொறக்கணும்ல."

துரை கூப்பிடவில்லை.

கேட்டு திறக்கவில்லை; ஆம்புலன்ஸுக்கு நான் மறுபடி போன் செய்தபோது, நிர்வாகம் சொன்னால்தான் வண்டி வரும் என்றார்கள். ரஃபிக்குலைக் கடைசியில் டிஸ்பென்சரியில்தான் கிடத்த வேண்டியிருந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேக்டரிப் பக்கமிருந்து பெரிய ஜெனரேட்டர் உறுமியது. காத்தாடிகள் சுற்றின. டீசல் இருந்தது. அதன் விலைதான் துரைக்குக் கசந்திருந்தது.

சிலிண்டரில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. வசுமதியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் எங்களைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த மூச்சை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். ராட்டினம் வந்த பிறகு ஜெனரேட்டர் கரண்டு போகும் வீடுகள் இரண்டுதான். துரை பங்களா, கிராணி வீடு. கிராணியின் மனைவி சரோஜா தானாகவே ஆள் அனுப்பினார்.

"பின் கதவால கொண்டாங்க. முன்னால பங்களாவுக்குத் தெரியும்."

லயத்துக் கதவு ஒன்றைக் கழற்றி அதில் வசுமதியைப் படுக்க வைத்து, தேயிலைக்குள்ளே குனிந்து குனிந்து கொண்டுபோனோம். சரோஜாவின் குசினியில், அரிசி டின்னுக்கும் அடுப்புக்கும் நடுவே மெஷினை வைத்துச் சொருகியதும் அது ஒரு முறை விக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

கிராணி வேலை முடிந்து வந்தார். குசினியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"என்ன சரோஜா இது?"

"விருந்தாளி. சத்தம் போடாதீங்க."

அவர் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் மறைக்க முடியும் என்றுதான் எல்லாரும் யோசித்தோம். துரைக்குத் தெரிந்தால் இந்தக் கம்பியும் போகும். ரஃபிக்குலின் காலோ விரல் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. கேட்டை உடைக்கலாம் என்றார் ஒருவர். பங்களாவைக் கொளுத்தலாம் என்றான் ஒருவன். கொளுத்தினால் போலீஸ் எங்களுக்குத்தான் வரும், ரஃபிக்குலுக்கு வராது.

சரோஜா எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக் கருவாடு வைத்தார். செல்லம்மா அக்கா வாயில் போட்டு மென்றார்.

"இது கருவாடா? நான் வேற என்னமோன்னு நெனச்சேன். நாலு நாளா வாசமே தெரியல லா. நேத்து என் அடுப்புல கருவாடு கருகி, ஊரே வந்து நிக்குது, எனக்குத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சல். மூலையில் உட்கார்ந்திருந்த காளிமுத்துவுக்கு இருமல். சொல்லத் தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். எல்லாரும் சம்பளம் போகுமே என்று நின்றே பேர் கொடுத்திருந்தோம்.

"நீங்க சொல்லாம இருக்கணும்னுதான் அவரும் நெனக்கிறாரு," என்றார் கிராணி, படியிலிருந்து திரும்பாமலே. "ஆபீஸ் செவுத்துல கம்பெனி ஆர்டர் ஒட்டியிருக்கு. பெரட்டுல ஒரே நாள்ல அஞ்சு பேருக்கு மேல சீக்குன்னா, கிராணி உடனே சுகாதார ஆபீசுக்குப் போன் பண்ணணும். மானேஜரக் கேக்க வேண்டியதில்ல. அதான் யாராச்சும் குந்தினா லீவுன்னு எழுதச் சொல்றாரு."

"எழுதுறீங்களா?"

"எழுதினேன்."

செல்லம்மா அக்கா முள்ளைத் துப்பினார். "அப்ப நாளைக்கு எல்லாரும் குந்திருவோம். கொங்சிப் பயலுங்களையும் கூப்பிடு."

"அவங்களுக்கு நம்ம களத்துல வட்டம் இல்லியே அக்கா," என்றேன்.

"சுண்ணாம்பு இருக்குல்ல? போடு."

இப்படித்தான் புதன்கிழமை உட்கார்ந்தோம். விடியும் முன் கொங்சி ஆட்கள் வரிசையாக வந்தார்கள். காது பிளந்தவன் தலையில் துண்டு கட்டியிருந்தான். செல்லம்மா அக்கா சுண்ணாம்பு வாளியோடு முன்னால் நடந்து ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டார். இடையில், "கோணலாப் போச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்கடா தம்பி," என்றார். அவனுக்குப் புரியவில்லை, சிரித்தான்.

துரை வந்தார். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே அவர் மூச்சு கேட்டது.

"எந்திரிங்க."

யாரும் அசையவில்லை.

"ஆண்டியப்பன், பேரக் கூப்பிடு. நிக்காதவன் பேர வெட்டு."

"செல்லம்மா," என்றார் கிராணி.

"சீக்கு."

"சசிரேகா."

"சீக்கு."

"காளிமுத்து."

"சீக்குங்க."

கொங்சி ஆட்களின் முறை வந்தபோது அந்தத் தமிழ்ச் சொல்லையே, அவரவர் வாய்க்கு வந்தபடி, சிக்கு, ஷீக்கு என்றார்கள். ஒவ்வொன்றையும் கிராணி எழுதினார்.

"எழுதாத."

பேனா நிற்கவில்லை. துரை எட்டிப் புத்தகத்தைப் பிடுங்கி, அதாலேயே கிராணியின் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்துச் சுண்ணாம்பில் விழுந்தது. முப்பது வருஷம் அந்தக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டவர், தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கம் உடைந்திருந்தது. மாட்டிக்கொண்டு, வசுமதியின் காலி வட்டத்தில் கால் மடக்கி உட்கார்ந்தார்.

"எனக்கும் சீக்கு, துரை," என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

அவர் பேசிய மலாய் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. தோட்டத்தின் பேர், ஆட்களின் கணக்கு, காலொடிந்தவன், தன் வீட்டில் மெஷினில் மூச்சு விடுகிறவள். கடைசிச் சொல்லில்தான் துரைக்குப் புரிந்தது.

"உன் வீட்டுலயா வச்சிருக்க?" என்றார். "ஷர்வின், கிராணி வீட்டு லைன வெட்டு. இப்பவே."

கிராணி வீட்டுக்குக் களத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஷர்வின் நடந்தான். அவன் பாதையில் காது பிளந்தவன் உட்கார்ந்திருந்தான். நகரவில்லை. இரும்புக் குழாய் அவன் தோளில் விழுந்தது. அவன் முன்னால் கவிழ்ந்து, கையூன்றி, திரும்ப அதே வட்டத்தில் நிமிர்ந்தான். பக்கத்து வட்டத்து ஆள் நகர்ந்து வந்து அவனோடு தோளோடு தோள் ஒட்டிக்கொண்டான். அடுத்தவன் வந்தான். நாங்களும் நகர்ந்தோம். வட்டமெல்லாம் அழிந்து களத்தின் குறுக்கே ஒரே உடம்பாக உட்கார்ந்தோம். ஷர்வின் மறுபடியும் குழாயை ஓங்கினான். இப்போது அவனுக்கு நேர் எதிரே மகேஸ்வரன்.

"தம்பி," என்றார் அவர். உடைந்த பல்லில் சொல் வழுக்கியது. "நேத்து அந்தப் பலகையப் பாத்தியே. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா?"

ஷர்வின் குழாயை இன்னும் உயர்த்தினான்.

"மெல்லன்னு எழுதியிருந்துச்சு. அவ்ளோதான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் ரஃபிக்குலின் பூட்ஸைப் பார்த்தான்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுண்ணே," என்றான். "மலாய் ஸ்கூலு."

"அவருக்குத் தெரியும்," என்றார் மகேஸ்வரன், துரையைக் காட்டி. "அவரு படிச்சாரு. மூடுன்னு சொன்னாரு."

ஷர்வின் திரும்பினான். துரை "போடா" என்று கத்தினார். அவன் போனான், கிராணி வீட்டுப் பக்கம் அல்ல, கேட்டுப் பக்கம். இரும்புக் குழாய் தரையில் இழுபட்டுக்கொண்டே போயிற்று.

வெயில் ஏறியபின் ஆம்புலன்ஸும் சுகாதார ஆபீஸ் வண்டியும் வந்தன. சங்கிலியைக் கழற்றியவன் ஷர்வின். எங்களைப் பார்க்கவில்லை. வெள்ளை உடுப்புக்காரர்கள் முதலில் ரஃபிக்குலைத் தூக்கினார்கள், பிறகு சிலிண்டர் மாட்டி வசுமதியை. காலை எடுக்க வேண்டிவரும் என்று அவர்கள் தங்களுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. வசுமதி கண்ணைத் திறந்து மகேஸ்வரனின் முகத்தைப் பார்த்து, "என்ன மூஞ்சி இது," என்றாள். பல நாள் கழித்து அவள் முழுசாகப் பேசிய பேச்சு அது.

துரை அவர்களிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். பிறகு எங்கள் பக்கம் வந்து, எல்லாருக்கும் வேலை போயிற்று, தனிமைக் காலம் முடிந்ததும் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்றார். ராட்டினம் உடைந்து கிடக்கிறது. லயத்துப் பைப்பில் ஒரு சொட்டு இல்லை. கையை நன்றாகக் கழுவுங்கள் என்று சுகாதார ஆபீஸர் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். "எதுல ஐயா கழுவுறது?" என்று செல்லம்மா அக்கா கேட்டார். அவர் குழாயைத் திறந்து பார்த்தார். பிறகு தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

களத்திலேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். தொழிலாளர் இலாகாவுக்கு ஒன்று, ஈப்போ சங்கத்துக்கு அதன் நகல். நடந்ததை வரிசையாக எழுதினேன். ரஃபிக்குலுக்கு நஷ்ட ஈடு, எஞ்சினியர் எல்லை தாண்டி வர அனுமதி, வளைவுக்குக் கான்கிரீட், வால்வின் சாவி லயத்தில் இருக்க வேண்டும், யாரையும் வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ நீக்கக் கூடாது. நீக்கினால் இந்தக் களத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோம். தமிழில் எழுதியதைக் கிராணி ஒற்றைக் கண்ணாடியோடு மலாயில் எழுதினார். காது பிளந்தவன், அவன் பேர் ஜஹாங்கீர், அதையே வங்காளத்தில் எழுதினான். மூன்று எழுத்தும் ஒரே தாளில் வர வேண்டும் என்று மகேஸ்வரன்தான் பிடிவாதமாக நின்றார். கையெழுத்துகள் பின்பக்கமும் நிறைந்தன.

இரண்டு உறைகளையும் சரோஜா கொடுத்த சோற்றுப் பருக்கையை மசித்து ஒட்டினேன். கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தினேன். ஆம்புலன்ஸ் எப்போதோ போயிருந்தது; புறப்படத் தயாராக நின்ற சுகாதார ஆபீஸ் வண்டி டிரைவரிடம் நீட்டினேன். அவர் தயங்கினார். நோய் பிடித்த தோட்டத்துக் காகிதம். பிறகு இடுப்பிலிருந்த புட்டியை எடுத்து உறைகளின் இரண்டு பக்கமும் மருந்தடித்தார். விலாசத்தின் மை கொஞ்சம் ஊறிப் பரவியது.

"படிக்க முடியுதா?" என்று கேட்டேன்.

தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முடியுது," என்றார்.

பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். வண்டி கேட்டைத் தாண்டி, வளைவில் மெல்லத் திரும்பி, கம்போங் ராஜா சாலையில் இறங்கியது.